சைபர்டிரக்: சொன்ன விலை 39,900, சொன்ன ரேஞ்ச் 500 மைல். கைக்கு வந்தது என்ன?

கரிசல்:
ஒரே இடத்தில் கணக்கைப் பேசி முடிக்கலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். டெஸ்லா தன் மின் பிக்கப் வண்டியான சைபர்டிரக்கை 2019 நவம்பர் 21 அன்று அறிமுகம் செய்தபோது மூன்று மாடல் சொன்னார்கள். ஒற்றை மோட்டார் 39,900 டாலர், ரேஞ்ச் (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம்) 250 மைல். இரட்டை மோட்டார் 49,900, 300 மைல். மூன்று மோட்டார் 69,900, 500 மைல், 14,000 பவுண்டு இழுவை. 100 டாலர் கட்டினால் வரிசையில் இடம்.

நான்கு வருடம் கழித்து, 2023 நவம்பர் 30 அன்று ஆஸ்டினில் முதல் வண்டிகளை ஒப்படைத்தபோது பட்டியலே வேறு. ஒற்றை மோட்டார் 60,990, 250 மைல், அதுவும் 2025இல் தான். இரட்டை மோட்டார் 79,990, 340 மைல். மூன்று மோட்டார் 'சைபர்பீஸ்ட்' 99,990, 320 மைல். இழுவை 11,000 பவுண்டு. முதலில் கிடைத்தது ஃபவுண்டேஷன் சீரிஸ் என்ற சிறப்புப் பதிப்பு மட்டும், அதற்கு மேலும் 20,000.

வரிசையில் நின்றவர்களின் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் "எல்லாம் பணவீக்கம்" என்று ஒரு பக்கமும் "எல்லாம் ஏமாற்று" என்று இன்னொரு பக்கமும் கத்துவதில் பயன் இல்லை. விலை எங்கே போனது, ரேஞ்ச் எங்கே போனது? தெரிந்தவர்கள் எண்ணோடு சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
பணவீக்கத்தை முதலில் முடித்துவிடலாம். அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீடு 2019 நவம்பரில் 257.2, 2023 நவம்பரில் 307.1. அதாவது 19.4 சதவீத ஏற்றம்.

அந்த அளவுக்கு மட்டும் ஏற்றினால் 39,900 என்பது 47,600 ஆகும். 49,900 என்பது 59,600. 69,900 என்பது 83,500 சுமார். உண்மையில் கேட்டது 60,990, 79,990, 99,990. பணவீக்கத்தைக் கழித்த பிறகும் ஒற்றை மோட்டாருக்கு 13,000க்கு மேல், இரட்டைக்கு 20,000க்கு மேல், மூன்றுக்கு 16,000க்கு மேல் கூடுதல். பணவீக்கம் பாதிக் காரணம்கூட இல்லை, அண்ணா.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஒரு மைல் ரேஞ்சுக்கு எத்தனை டாலர்? 2019 பட்டியலில் 500 மைல் வண்டிக்கு 140. 2023 பட்டியலில் இரட்டை மோட்டாருக்கு 235, சைபர்பீஸ்டுக்கு 312. பெரிய மாடலுக்குக் காத்திருந்தவர்தான் அதிகம் அடிபட்டார்.

ஓம்ஸ்:
ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். இரட்டை மோட்டாருக்கு 2019இல் சொன்னது 300 மைல், வந்தது அதற்கும் மேல். ஃபவுண்டேஷன் சீரிஸ் 35 அங்குல ஆல்-டெரெய்ன் (கரடுமுரடான தரைக்கான) டயரோடு, அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையான ஈபிஏ கணக்கில் 318 மைல். அந்த மாடலில் ரேஞ்ச் வாக்குறுதி தவறவில்லை, விலை தவறியது. ரேஞ்ச் தவறியது 500 மைல் மாடலில்.

ஏன் தவறியது என்பதற்குப் பதில் பேட்டரியின் அளவில் இருக்கிறது. எல்லா மாடலுக்கும் ஒரே 123 யூனிட் பேக் (யூனிட் என்று நான் சொல்வது கிலோவாட்-மணியை). 318 மைலுக்கு 123 யூனிட் என்றால் மைலுக்கு 387 வாட்-மணி. அதே கணக்கில் 500 மைல் போக 193 யூனிட் வேண்டும். இந்த வண்டியின் அடித்தட்டில் அவ்வளவு பெரிய பேக் வைக்கவே இல்லை. மூன்றாவது மோட்டாரைச் சேர்த்தால் எடையும் இழப்பும்தான் கூடும், யூனிட் கூடாது. அதனால்தான் விலை கூடிய சைபர்பீஸ்டின் ரேஞ்ச் இரட்டை மோட்டாரைவிடக் குறைவு.

500 மைலுக்கு உண்மையில் என்ன தேவை என்று பார்க்க செவ்ரலே சில்வராடோ ஈவியைப் பாருங்கள். 2025 மாடலின் பெரிய பேட்டரி வொர்க் டிரக்குக்கு ஈபிஏ 492 மைல் கொடுத்தது. பேக் 200 யூனிட்டுக்கு மேல், வண்டி எடை 8,000 பவுண்டுக்கு மேல். சைபர்டிரக் இரட்டை மோட்டார் 6,600 பவுண்டு. 500 மைல் நடக்காத காரியம் இல்லை. 69,900 டாலருக்கு, இந்த எடையில், இந்த பேக்கில் நடக்காது.

கரிசல்:
அப்படியென்றால் 2019இல் எந்த நம்பிக்கையில் 500 என்றார்கள்?

ஓம்ஸ்:
அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. வெளியில் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். 2020 செப்டம்பரில் பேட்டரி டே என்று ஒரு நிகழ்ச்சி நடத்தி, 4680 என்ற புதிய வகை பேட்டரி செல், புதிய எலெக்ட்ரோடு, வண்டியோடு ஒன்றாகும் பேக் எல்லாம் சேர்ந்தால் யூனிட்டுக்கான செலவு 56 சதவீதம் குறையும், ரேஞ்ச் 54 சதவீதம் கூடும் என்றார்கள். அதில் பெரிய பங்கு உலர் முறையில் எலெக்ட்ரோடு பூசுவதைச் சார்ந்தது. ஈரக் குழம்பைப் பூசிக் காயவைக்கும் அடுப்பும் கரைப்பானும் வேண்டாம் என்பது அதன் லாபம். நெகட்டிவ் பக்கம் உலர் பூச்சு சீக்கிரம் கைவந்தது. பாசிட்டிவ் பக்கம், அதாவது கேத்தோடு, கைவரவில்லை. முதல் சைபர்டிரக்குகளின் செல்களில் கேத்தோடு பழைய ஈர முறையில் பூசியதுதான். செலவு குறையவேண்டிய இடத்தில் குறையாததால் விலையில் அது தெரிகிறது.

தேனீ:
டெஸ்லாவை மட்டும் கூண்டில் ஏற்றுவது சரியா? அந்தக் காலத்தில் மின் பிக்கப் அறிவித்த எல்லாருமே இதைத்தான் செய்தார்கள். ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் ப்ரோ 2021 மே மாதம் 39,974 என்று வந்தது. 2022 ஆகஸ்டில் 46,974, அக்டோபரில் 51,974, டிசம்பரில் 55,974, 2023 மார்ச்சில் 59,974. அந்த ஜூலையில் 49,995க்கு இறக்கினார்கள். ரிவியன் நிறுவனம் 2022 மார்ச் 1 அன்று தன் ஆர்1டி மின் பிக்கப் விலையைச் சுமார் 17 சதவீதம் ஏற்றியது, ஏற்கெனவே முன்பதிவு செய்தவர்களுக்கும் சேர்த்து. இரண்டே நாளில் பின்வாங்கி மன்னிப்புக் கேட்டது. லித்தியம், நிக்கல் விலை அந்த வருடம் ஏறியது உண்மை.

கணக்குப்பிள்ளை:
தேனீ, நீங்கள் சொன்னதிலேயே வித்தியாசம் இருக்கிறது. ரிவியன் 2022 மார்ச் 1க்கு முன் பதிவு செய்தவர்களுக்குப் பழைய விலையையே மதித்தது. சைபர்டிரக் வரிசையில் 100 டாலர் கட்டியவர்களுக்கு இடம்தான் கிடைத்தது, விலை பூட்டப்படவில்லை. முன்பதிவு செய்யும் எவரும் கேட்கவேண்டிய கேள்வி இது: கட்டும் பணம் வரிசைக்கா, விலைக்கா? ஒப்பந்தத்தில் "விலை" என்ற சொல்லுக்கு அருகில் ஒரு தொகை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது வரிசைச் சீட்டு மட்டும்தான்.

லித்தியம் 2022 கடைசியில் உச்சம் தொட்டு 2023 இறுதிக்குள் வெகுவாக இறங்கியது. சைபர்டிரக் விலை அறிவித்தது 2023 நவம்பர். அந்தக் காரணம் ஃபோர்டுக்கும் ரிவியனுக்கும் பொருந்தும் அளவுக்கு இதற்குப் பொருந்தாது.

தேனீ:
ஏற்கிறேன். லித்தியம் வாதத்தை எடுத்துவிடுகிறேன். ஆனால் 48 வோல்ட் மின்சுற்று, ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையில் இரும்புத் தண்டே இல்லாத அமைப்பு, பின்சக்கரமும் திரும்புவது, 800 வோல்ட் பேக் இவையெல்லாம் 2019 பட்டியலில் இருந்த வண்டியில் இல்லை. அதற்கும் காசு இருக்கிறது.

நெடுஞ்சாலை:
இருக்கிறது, ஆனால் வாங்குபவர் கேட்டது அதுவா? பிக்கப் வாங்குபவர் இழுவைக்கும் சுமைக்கும் வாங்குகிறார். அங்கேதான் இந்த 318, 340 எல்லாம் உதிர்ந்துபோகும். விரிவாகச் சொல்கிறேன், டிரெய்லர் இழுக்கப்போகிறவர்கள் கவனமாகப் படியுங்கள்.

ஈபிஏ எண் நகரமும் நெடுஞ்சாலையும் கலந்தது. 70 மைல் வேகத்தில் சீராக ஓட்டினால் இந்த வண்டிக்கு மைலுக்கு 450 முதல் 490 வாட்-மணி வரை வேண்டும். அதில் டயர் உருளும் எதிர்ப்பு 155 சுமார், காற்று 290 சுமார், மிச்சம் மோட்டார் இழப்பும் ஏசியும். முழு பேக்கையும் காலி செய்தால் 250 முதல் 270 மைல். யாரும் முழுதாகக் காலி செய்வதில்லை. பயணத்தில் 80 சதவீதத்துக்கும் 10 சதவீதத்துக்கும் இடையில்தான் ஓட்டுவோம், அது 86 யூனிட். நெடுஞ்சாலையில் ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் இடையே 180 மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 7,000 பவுண்டு பயண டிரெய்லர், எட்டடி அகலம், தட்டையான முகம். மைலுக்கு 900 முதல் 1,000 வாட்-மணி. 950 என்று எடுத்தால் 86 யூனிட்டுக்கு 90 மைல். 60 மைல் வேகத்தில் ஒன்றரை மணி நேர ஓட்டம், பிறகு முக்கால் மணி நேரம் சார்ஜ். மறுபடி ஒன்றரை மணி நேரம்.

எடையைவிட முகம்தான் முக்கியம். அதே 7,000 பவுண்டில் தாழ்வான தட்டு டிரெய்லரில் டிராக்டர் ஏற்றினால் இழப்பு கணிசமாகக் குறைவு. சமதளத்தில் எடை டயர் எதிர்ப்பை மட்டும் கூட்டும், காற்றின் இழுவையோ வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 65இலிருந்து 75க்குப் போனால் காற்றுப் பங்கு 33 சதவீதம் கூடும். டிரெய்லரோடு 75 ஓட்டுபவருக்கு எந்த பேட்டரியும் போதாது.

சார்ஜர் நிலையத்தில் இன்னொரு தலைவலி. சைபர்டிரக்கின் சார்ஜ் துளை இடது பின்சக்கரத்துக்கு மேல். டெஸ்லாவின் வேகச் சார்ஜ் நிலையங்களான சூப்பர்சார்ஜர்களில் பெரும்பாலான இடங்கள் பின்னால் வந்து நிறுத்தும் வகை. டிரெய்லரோடு அது முடியாது. கழற்றி ஓரமாக விட்டு, சார்ஜ் போட்டு, மறுபடி மாட்ட வேண்டும். நேராக உள்ளே வந்து நேராக வெளியே போகும் வகை இடங்கள் குறைவு. புறப்படும் முன் வரைபடத்தில் அந்த இடங்களைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.

செலவும் சொல்கிறேன். சூப்பர்சார்ஜரில் யூனிட் 45 செண்ட் என்று வைத்தால் டிரெய்லரோடு மைலுக்கு 43 செண்ட். கேலனுக்கு 11 மைல் தரும் டீசல் வண்டி, கேலன் 3.75 என்றால், 34 செண்ட். மின்வண்டியின் லாபம் வீட்டு மின்சாரத்தில் தினமும் ஓடும் மைலில்தான். நீண்ட இழுவையில் இல்லை.

கரிசல்:
அந்த 16,000 டாலர் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் என்ற கூடுதல் பேட்டரி இதற்குத்தானே வரவேண்டியது?

ஓம்ஸ்:
ஆமாம். இரட்டை மோட்டாரை 470 மைலுக்குக் கொண்டுபோகும் என்றார்கள். 130 மைல் என்றால் 50 யூனிட் சுமார், யூனிட்டுக்கு 320 டாலர் ஆகிறது. பின்னால் சுமை ஏற்றும் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொள்ளும், மாட்டவும் கழற்றவும் சர்வீஸ் சென்டர் போகவேண்டும். பிறகு 470 என்பது 445 ஆனது. 2025 மே மாதம் திட்டத்தையே கைவிட்டு, 2,000 டாலர் முன்பணத்தைத் திருப்பினார்கள்.

என்னைப் பொறுத்தவரை விலை ஏற்றத்தைவிட இது பெரிய குறை. 340 மைல் வண்டியை 79,990க்கு வாங்கும் முடிவைப் பலர் "பிறகு எக்ஸ்டெண்டர் சேர்த்துக்கொள்ளலாம்" என்ற நம்பிக்கையில் எடுத்திருப்பார்கள். இன்று விற்பனைக்கு இல்லாத பாகத்தை நம்பி எந்த வண்டியையும் வாங்கக்கூடாது.

பனிக்காடு:
வணக்கம். நான் டொரோண்டோ பக்கம். குளிர் கணக்கை ஒருத்தரும் சொல்லேல்லை எண்டபடியால் எழுதுறன்.

மைனஸ் 15 பாகையில 100 கிலோமீட்டர் வேகத்தில ஓடினால் ஹீட்டருக்கு 3 முதல் 4 கிலோவாட் போகும். ஒரு மணித்தியாலத்தில 100 கிலோமீட்டர் எண்டால் 4 யூனிட் சூட்டுக்கே. நெடுஞ்சாலையில இந்த வண்டி 100 கிலோமீட்டருக்கு 28 யூனிட் அளவில எடுக்கும், ஆக 14 சதவீதம் அதிலயே போச்சு. பிறகு குளிர் காத்து அடர்த்தி கூட. 15 பாகையோட ஒப்பிட்டால் 12 சதவீதம் கூடின காத்தை வண்டி தள்ளவேணும். ரோட்டில ஈரப் பனி இருந்தால் டயர் இழுவையும் கூடும். எல்லாம் சேர்த்து 25 முதல் 30 சதவீதம் குறையும் எண்டு திட்டம் போடுங்கோ.

செய்யக்கூடிய வேலை மூண்டு. வீட்டில வயர் குத்தியிருக்கேக்கையே, வெளிக்கிட அரை மணித்தியாலத்துக்கு முன்னம், ஆப்பில வண்டியைச் சூடாக்குங்கோ, அந்த மின்சாரம் பேட்டரியில இருந்து போகாது. சூப்பர்சார்ஜருக்குப் போகேக்கை கட்டாயம் நேவிகேஷனில அந்த இடத்தைப் போட்டிட்டுப் போங்கோ, அப்பதான் பேட்டரி தன்னைச் சூடாக்கி வைக்கும். போடாமல் குளிர் பேட்டரியோட போனால் வேகம் பாதிக்கும் கீழ வரும். மற்றது டயர் காத்து, குளிர் இறங்க இறங்க அழுத்தமும் இறங்கும், மாதம் ஒருக்கால் பாருங்கோ.

தேனீ:
நன்றி பனிக்காடு. 2025 ஏப்ரலில் வந்த பின்சக்கர ஓட்ட மாடல் பற்றி யாராவது? 69,990, 350 மைல். ரேஞ்ச் கூட, விலை குறைவு. இதை ஏன் அதிகம் பேர் வாங்கவில்லை?

கணக்குப்பிள்ளை:
10,000 டாலர் குறைக்க எதையெல்லாம் எடுத்தார்கள் என்று பாருங்கள். முன் மோட்டார், ஏர் சஸ்பென்ஷன், தொட்டியில் இருந்த 120 / 240 வோல்ட் பிளக், பின் இருக்கைத் திரை, மின்சாரத்தில் மூடும் தொட்டி மூடி எல்லாம் போயிற்று. இழுவை 7,500 பவுண்டுக்கு இறங்கியது. பிக்கப்பை வேலைக்கு வாங்குபவருக்கு அந்த பிளக் பெரிய விஷயம். வெல்டிங் மெஷின், கம்ப்ரசர் எல்லாம் அதில்தான் ஓட்டுவார். அதை எடுத்துவிட்டு 70,000 கேட்டார்கள். அதே நேரம் 79,990 மாடலுக்கு மத்திய அரசின் 7,500 வரிச் சலுகை இருந்தது. பிக்கப்புக்கான விலை வரம்பு 80,000, பத்து டாலர் வித்தியாசத்தில் உள்ளே. இரண்டுக்கும் சலுகை உண்டு என்றாலும், 72,490க்கு முழு வண்டி கிடைக்கும்போது 62,490க்குப் பாதி வண்டியை யார் எடுப்பார்? 2025 செப்டம்பரில் அந்த மாடலை நீக்கிவிட்டார்கள். வரிச் சலுகையும் அந்த மாதம் 30ஆம் தேதியோடு முடிந்தது.

ஒரு பயனுள்ள எண் அந்த மாடலில் கிடைத்தது: தொட்டியை மூடாமல் 350, 750 டாலர் துணி மூடியோடு 362. காற்று விஷயத்தில் மூடியின் மதிப்பு 12 மைல்.

கரிசல்:
இப்போது பயன்படுத்திய வண்டி பார்க்கிறவர்கள் எதைச் சோதிக்க வேண்டும்?

நெடுஞ்சாலை:
முதலில் எடைக் கணக்கு, ஏனென்றால் விளம்பரத்தில் இழுவை மட்டும்தான் பெரிதாக இருக்கும். சுமைத்திறன் 2,500 பவுண்டு சுமார். 8,000 பவுண்டு டிரெய்லரின் நாக்கு எடை (வண்டியின் கொக்கி மேல் அழுத்தும் எடை) 13 சதவீதம் என்றால் 1,040. ஐந்து பேர் 850. மிச்சம் 610 பவுண்டுதான் தொட்டியில் வைக்கலாம். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் வெள்ளைச் சீட்டில் அந்த வண்டிக்கான சரியான எண் இருக்கும், அதையே எடுங்கள்.

அடுத்து ரீகால், அதாவது கோளாறைச் சரிசெய்ய நிறுவனம் வண்டியைத் திரும்ப அழைப்பது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமான என்எச்டிஎஸ்ஏ தளத்தில் 17 எழுத்து விஐஎன் (வண்டி அடையாள எண்) போட்டால் பாக்கி இருக்கிறதா என்று தெரியும். 2024 ஏப்ரலில் ஆக்ஸிலேட்டர் பெடலின் மேல்தகடு நழுவி உட்புற டிரிம்மில் சிக்கும் பிரச்சினை, 3,878 வண்டி. பிறகு வைப்பர் மோட்டார், இன்வெர்ட்டர். 2025 மார்ச்சில் கூரை ஓரத் துருப்பிடிக்கா எஃகுத் தகடு பசை விட்டுக் கழன்று விழும் அபாயம், 46,096 வண்டி, அதுவரை செய்த ஏறக்குறைய எல்லாமே. தகடு மாற்றிய பதிவு இல்லாத வண்டியை எடுக்காதீர்கள்.

டயரைப் பாருங்கள். இந்த எடைக்கும் முறுக்குவிசைக்கும் ஆல்-டெரெய்ன் டயர் சீக்கிரம் தேயும். நான்கும் ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்று ஆழமானி வைத்து உள் விளிம்பு, நடு, வெளி விளிம்பு மூன்றிலும் அளந்து பாருங்கள். உள் விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கோளாறு.

ஓம்ஸ்:
பேட்டரிக்கு ஒரு சோதனை. 90க்கு மேல் சார்ஜ் உள்ள வண்டியை 65இல் முப்பது மைல் ஓட்டுங்கள், காற்று எதிர்த்தோ பின்னாலிருந்தோ பலமாக வீசாத நாளில், போன வழியிலேயே திரும்பி வாருங்கள். திரையில் எரிசக்திப் பக்கத்தில் மைலுக்கு எத்தனை வாட்-மணி என்று வரும். பயன்படுத்திய யூனிட்டை, பேட்டரியில் இறங்கிய சதவீதத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் பேக்கின் கொள்ளளவு சுமாராகக் கிடைக்கும். குறைந்தது 15 சதவீதமாவது இறங்கினால்தான் கணக்கு நம்பத்தக்கது, எனவே முப்பது மைல் போதாவிட்டால் ஐம்பது ஓட்டுங்கள். 123இலிருந்து சில யூனிட் குறைந்தால் இயல்பு. 110க்குக் கீழே வந்தால் விலையைப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

சூப்பர்சார்ஜரிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இது 800 வோல்ட் பேக். பழைய 400 வோல்ட் நிலையங்களில் பேக்கை இரண்டாகப் பிரித்துப் பக்கவாட்டில் இணைத்துச் சார்ஜ் ஏற்றும், உச்சம் 250 கிலோவாட். அந்த மாற்றம் நடக்காமல் தடுமாறினாலோ, சூடான பேட்டரியில், 10 சதவீதத்தில் தொடங்கியும் 150ஐத் தாண்டாவிட்டாலோ சர்வீஸ் பதிவைக் கேளுங்கள்.

தேனீ:
வீட்டு சார்ஜர்?

ஓம்ஸ்:
48 ஆம்பியர், 240 வோல்ட், 11.5 கிலோவாட். காலியிலிருந்து முழுமைக்கு 11 முதல் 12 மணி நேரம். தொடர் சுமை என்பதால் 60 ஆம்பியர் பிரேக்கர் வேண்டும். சிலர் செலவு மிச்சம் என்று 6 கேஜ் ரோமெக்ஸ் (பிளாஸ்டிக் உறையிட்ட வீட்டுக் கேபிள்) இழுத்துவிடுவார்கள். அந்த வகைக் கேபிளுக்குச் சட்டப்படி அனுமதி 55 ஆம்பியர்தான், தொடர் சுமைக்கு வேண்டிய 60ஐவிடக் குறைவு. இரவு முழுக்க 48 ஓடினால் இணைப்பு முனை சூடாகும் அபாயம் உண்டு. பைப்புக்குள் 6 கேஜ் தனிச் செம்புக் கம்பி, அல்லது ரோமெக்ஸ் என்றால் 4 கேஜ். வீட்டுப் பேனல் 100 ஆம்பியர் என்றால் சார்ஜரை 32க்கோ 24க்கோ இறக்கி அமைத்துவிடுங்கள். 24 ஆம்பியரிலும் பத்து மணி நேரத்தில் 57 யூனிட் ஏறும், தினசரி ஓட்டத்துக்கு அது தாராளம்.